செயின் அறுந்து இன்ஜின் கேஸ் உடைந்தால்

கேள்வி: என்னுடையது 2014 மாடல், 150 சிசி பைக். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தாம்பரம் போகும்போது, மேடவாக்கம் தாண்டியதும் 'டமார்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் இறுகி வண்டி கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. நல்லவேளை, விழவில்லை. செயின் அறுந்து, இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு கிடந்தது. கவரைக் கழற்றினால், ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால் இன்ஜின் கேஸில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து மேலே ஒரு மெல்லிய கோடு போகிறது. ஆயில் வடிகிறது. ஒரு மெக்கானிக் எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், இன்ஜினை இறக்காமலே வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர், புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாற்றிவிடச் சொல்கிறார். நான் உடனே கிளட்ச் பிடித்திருந்தால் கேஸ் தப்பித்திருக்குமோ என்ற உறுத்தல் வேறு. எட்டு மாதத்துக்கு முன் செயின் தொங்குகிறது என்று ஒரு லிங்க் எடுத்துச் சுருக்கினார்கள். அதுவும் காரணமாக இருக்குமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
பள்ளிக்கரணை வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் இருவரும் விழாமல் வீடு வந்து சேர்ந்தீர்கள் என்பதைப் படித்த பிறகுதான் எனக்குப் படங்களைத் திறக்க மனம் வந்தது. கேஸ் உடைந்தால் சரிசெய்யலாம். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளோடு சாய்ந்த வண்டிகளைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உறுத்தலை முதலில் இறக்கி வையுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் மாதிரி வண்டியில் செயின் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் ஓடுகிறது. செயினின் மொத்த நீளமே ஒன்றரை மீட்டர்தான். அதாவது அறுந்த முனை ஸ்ப்ராக்கெட்டைத் தொட்டதிலிருந்து அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் கிளட்ச் பிடிக்க யாராலும் முடியாது. பிடித்திருந்தாலும், உருளும் பின் சக்கரம் தன் பங்குக்குச் செயினை முன்னால் தள்ளிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

பல சமயம் அறுந்த செயின் பின்னால் ரோட்டில் விழுந்துவிடும், வண்டி பவர் இல்லாமல் உருண்டு நிற்கும், அவ்வளவுதான். உங்களுக்கு அறுந்த முனை முன் ஸ்ப்ராக்கெட்டோடு சுற்றிப் போய், பல்லுக்கும் கேஸ் சுவருக்கும் நடுவில் மடிந்துகொண்டது. அந்த இடைவெளி ஒரு விரல் நுழையும் அளவுதான் இருக்கும். ஓடும் செயின் ஒரு சுற்றுக்கு அங்கே இடம் உண்டு, மடிந்த செயினுக்கு இல்லை. செயினும் இரும்பு, ஸ்ப்ராக்கெட்டும் இரும்பு, சுவர் மட்டும் அலுமினியம். அதனால் சுவர்தான் போகும்.

இப்போது வண்டியை என்ன நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எப்படி இருந்தாலும், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். 'இன்ஜின் ஓடுகிறதா என்று ஒரு கிக் அடித்துப் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உடைந்த துண்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? கவருக்குள்ளும் கீழே ஆயில் சேற்றிலும் தேடினால் கிடைக்கும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, உடைந்த தட்டை ஒட்டுவது மாதிரி ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஓட்டையின் வடிவம் முழுசாக வந்துவிட்டால் நல்லது. ஒரு மூலை குறைந்தால், அந்த மூலை இன்ஜினுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். உளுந்து அளவு அலுமினியத் துண்டு போதும், கியர் பற்களுக்கு நடுவே மாட்டினால் பல் போய்விடும். செயினின் ரோலர் ஏதாவது சிதறியிருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் படத்தில் ஓட்டைக்குப் பக்கத்திலேயே, வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் மேக்னெட் இருக்கும் அறை வருகிறது. மேக்னெட் இரும்புத் துண்டை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை மேக்னெட்டை இழுத்துக் கழற்றியபோது, உள்பக்கம் அரை ரோலர் ஒட்டிக்கொண்டிருந்தது. காயில் சுற்றின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தது, நூலிழையில் தப்பியது. அந்த வண்டியை அதற்கு முன்னால் நாலு பேர் கிக் அடித்துப் பார்த்திருந்தார்கள்.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

கேஸ் உடைந்து வருகிற வண்டியில் எல்லோரும் ஓட்டை எவ்வளவு பெரிது என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்ப்பது அது எந்தச் சுவரில் இருக்கிறது, அதன் முதுகில் என்ன இருக்கிறது என்பதை. ஸ்ப்ராக்கெட் கவர் மாட்டுகிற காது உடைந்திருந்தால், உள்ளங்கை அளவு போனாலும் பயமில்லை. அதற்குப் பின்னால் ஆயில் கிடையாது, பாரமும் கிடையாது. விளிம்பை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு ஓட்டலாம், ஓய்வாக இருக்கும்போது வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேரிங் உட்காரும் வளையத்தில் தலைமுடி அளவு கீறல் இருந்தால், ஒரு சொட்டு ஆயில் வடியாவிட்டாலும் அந்தக் கேஸை நான் வண்டியில் திரும்ப ஏற்ற மாட்டேன். உங்கள் ஓட்டை இந்த இரண்டுக்கும் நடுவில். ஆயில் நிற்கிற சுவர், ஆனால் பாரம் தாங்காத இடம். ஓட்டை மட்டும் என்றால் வெல்டிங்கில் நன்றாக அடைபடும். எனக்குக் கவலை அந்த மெல்லிய கோடுதான். இரண்டாவது படத்தில் அது, முன் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் தண்டான அவுட்புட் ஷாஃப்ட்டின் ஆயில் சீலைப் பார்த்துப் போகிறது. சீலுக்குப் பின்னால்தான் பேரிங். கோடு சீலுக்கு முன்பே நிற்கிறதா, உள்ளே நுழைந்துவிட்டதா என்பது படத்தில் தெரியவில்லை. ஆயிலும் மண்ணும் மறைக்கின்றன. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் கிடைத்த மாதிரி.

அதை நீங்களே வீட்டில் ஓரளவுக்குப் பார்க்கலாம். ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை டீசலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து நன்றாகக் கழுவுங்கள். துடைத்து, காய்ந்த பிறகு, கோட்டின் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் சுத்தமான துணியால் மேலே ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடி செய்து தூவுங்கள். கீறலுக்குள் இறங்கியிருக்கும் மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாக எழும். கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் தெரிந்த கீறல் பொடியில் மூன்று சென்டிமீட்டர் நீண்டதை நான் பார்த்திருக்கிறேன். லேத் பட்டறைகளில் இதற்கென்று சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் ஸ்பிரேயாக வைத்திருப்பார்கள். அது இன்னும் தெளிவாகக் காட்டும். பக்கத்தில் தீ, பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

கழற்றியிருக்கும்போதே இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். அவுட்புட் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மெல்லச் சுழற்றும்போது முனை தள்ளாடக் கூடாது. கியர் லிவர் மாட்டும் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, கியர் விழும்போது இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரல் சுவிட்சின் வயர் அங்கேதான் போகும். மடிந்த செயின் அதை அறுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி மூன்று மெக்கானிக்குகள் சொன்னதற்கு வருகிறேன். யாரும் உங்களை ஏமாற்றச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆளுக்குத் தெரிந்த வழியைச் சொல்லியிருக்கிறார்கள்.

எம்-சீல் தண்ணீர்க் குழாய்க்கு அருமையான பொருள். இன்ஜின் கேஸில் வேலை வேறு. ஓடும்போது ஆயில் 100 டிகிரி வரைக்கும் சுடும், நிறுத்தினால் ஆறும். அலுமினியம் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும். ஒட்டிய மருந்து அதே அளவுக்கு விரியாது. கொஞ்ச நாளில் ஓரத்தில் விட்டுக்கொடுக்கும், ஆயில் கசிய ஆரம்பிக்கும். ஆயில் ஊறிய அலுமினியத்தில் எதுவும் முதலிலேயே சரியாகப் பிடிக்காது என்பது இன்னொன்று. இதற்கென்றே உலோகத்தூள் கலந்த எபாக்ஸி கிடைக்கிறது, ஜேபி வெல்ட் மாதிரி. அது சூட்டைத் தாங்கும். ஊருக்கு வெளியே மாட்டிக்கொண்டால், நன்றாகச் சுரண்டி, தின்னரால் துடைத்து, உள்ளே ஒரு அலுமினியத் தகட்டை வைத்து அதைப் போட்டு, ஒரு நாள் காயவிட்டு, மெதுவாக வீடு வந்து சேரலாம். ஊசி முனை அளவு கசிவுக்கு அதை நிரந்தரமாகவே வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நகம் அளவு ஓட்டை, பக்கத்தில் ஓடும் கீறல், பின்னால் உட்காரும் மனைவி. இதற்கு நான் அதை நம்ப மாட்டேன். பெயர்ந்து விழுந்தால் ஆயில் போய் நிற்பது பின் டயரில்.

இன்ஜினை இறக்காமல் வெல்டிங் என்பதைப் பற்றி என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பட்டறை போட்ட புதிதில் ஒருவருக்கு அவசரம் என்று அப்படிச் செய்தேன். ஓட்டை அழகாக அடைபட்டது, பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். பக்கத்திலிருந்த ஆயில் சீல் சூட்டில் உருகியிருந்தது, பேரிங் வளையம் கோணியதால் ஷாஃப்ட் பேரிங் இரைந்தது, வெல்டிங் ஓரத்தில் ஊசி ஊசியாக ஆயில் வியர்த்தது. என் செலவில் இன்ஜினை இறக்கி முழுக்கத் திரும்பச் செய்து கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பல நாள் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து கேஸைப் பிரிக்காமல் ஆர்கான் வாயு வெல்டிங் பிடிப்பதில்லை. உள்ளே ஆயில் ஆவி இருக்கும்போது தீப்பொறி போவது ஆபத்து என்பதும் இருக்கிறது. பேட்டரி, ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ பெட்டி இரண்டையும் கழற்றாமல் ஆர்கான் வெல்டிங் வைத்தால் அவையும் போகலாம்.

அலுமினியம் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று தெரிந்தால் பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். இரும்பு சூடாகும்போது சிவக்கும், வெல்டருக்கு எச்சரிக்கை கிடைக்கும். அலுமினியம் சிவக்காது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று சரிந்து விழும். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், இன்ஜின் கேஸ் வார்க்கும் கலவை அதற்கும் கீழே. ஆனால் அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே கஞ்சி மாதிரி உருகிக்கிடக்க, மேலே தோல் அப்படியே நிற்கும். அதைக் கிழிக்கத்தான் ஏசி கரண்ட்டில் ஆர்கான் வெல்டிங் வைக்கிறார்கள். போதாததற்கு, பைக் கேஸ்கள் பெரும்பாலும் டை காஸ்டிங், அதாவது உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்த்தவை. வார்க்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் உள்ளேயே இருக்கும். பன்னிரண்டு வருட ஆயிலும் அந்தத் துளைகளில் ஊறியிருக்கும். ஆர்க் பட்டதும் கறுப்பாக நுரைத்து வரும். முதல் தடவையில் பளபளவென்று வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் உள்ளே திரும்பவும் பார்ப்பேன்.

ஆகவே வேலை இப்படிப் போக வேண்டும். இன்ஜினை இறக்கி, கேஸை இரண்டாகப் பிரித்து, கிராங்க், கியர், பேரிங், சீல் எல்லாம் வெளியே. வெறும் கேஸைக் கழுவி, லேசாகச் சுட்டு, ஊறிய ஆயில் வெளியே வரவர துடைத்து, மறுபடியும் சுட்டு, துணியில் கறை படியாத வரைக்கும் இதைச் செய்ய வேண்டும். பொறுமையில்லாத பட்டறையில் இந்தக் கட்டம்தான் முதலில் காணாமல் போகும். கழுவ அசிட்டோனோ தின்னரோ போதும், அதுவும் முழுசாக ஆவியாகிக் காய்ந்த பிறகுதான் நெருப்பே பக்கத்தில் வர வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டும் வேண்டாம். சிலவற்றில் குளோரின் கலந்திருக்கும். அது வெல்டிங் ஆர்க்கில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். வெல்டிங் செய்பவரின் நுரையீரலுக்காகக் கேட்கிறேன், இதை நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அடுத்து, கீறல் முடியும் புள்ளியில் மெல்லிய டிரில் பிட்டால் ஒரு சின்ன துளை. இது கீறல் மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தும். சாக்பீஸ் பொடியில் முனை எங்கே என்று பார்த்தோமே, அதற்கும் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். பிறகு கீறலை நீளவாக்கில் 'வி' வடிவில் பள்ளமாகச் செதுக்க வேண்டும். இதற்குச் சுழலும் அரம் மாதிரியான கார்பைடு பர் நல்லது. கிரைண்டிங் கல் அலுமினியத்தில் தன் துகளை அடைத்துவிட்டுப் போகும், அந்த இடத்தில் வெல்டிங் பிடிக்காது. அலுமினியத்துக்கு மட்டும் வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்பு தேய்த்த பிரஷ் ஆகாது.

ஓட்டைக்கு, உடைந்த துண்டு முழுசாக இருந்தால் அதையே வைக்கலாம். எனக்குப் புது அலுமினியத் தகட்டை வெட்டி வைப்பதுதான் பிடிக்கும். பழைய துண்டு ஆயில் குடித்திருக்கும், ஓரம் நசுங்கியும் இருக்கும். வெல்டிங்குக்கு முன் கேஸை 120 முதல் 150 டிகிரி வரை சமமாகச் சூடாக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று கொதித்து ஆவியாகிவிட வேண்டும். குளிர்ந்த கேஸில் ஓரிடத்தில் மட்டும் ஆர்க் பட்டால் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் விடும். நிரப்பும் கம்பி சிலிக்கான் கலந்த 4043 ரகம். 'என்ன ராடு போடுவீர்கள்' என்று கேட்டால் நாலு பூஜ்யம் நாலு மூன்று என்று தயங்காமல் சொல்கிற ஆளிடம் கொடுங்கள். காலியான இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கி வைத்துக்கொண்டுதான் வெல்டிங் வைக்க வேண்டும், அப்போதுதான் கேஸ் கோணாது. ஒரே மூச்சில் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, முடிந்ததும் கல்நார் இல்லாத போர்வையிலோ காய்ந்த மணலிலோ மூடி, தானாக ஆறவிட வேண்டும். விசிறி போடக் கூடாது, தண்ணீர் தெளிக்கவே கூடாது.

ஆறியபின் சோதனை. கேஸை அந்தச் சுவர் கீழே வருகிற மாதிரி சாய்த்து வைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சாக்பீஸ் பொடி பூசி ராத்திரி முழுக்க விட்டால், காலையில் பொடி வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் அந்த இடத்தைத் தோண்டி மறுபடி வைக்க வேண்டும், மேலே பூசி மறைக்கக் கூடாது. பிறகு இரண்டு பாதியும் சேரும் முகத்தை, துல்லியமான மட்டப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து மட்டம் பார்க்க வேண்டும். பேரிங்கை இரண்டு பாதியிலும் மாட்டும்போது கவனியுங்கள். கேஸைச் சூடாக்கினால் பேரிங் தானாக விழுந்து உட்கார வேண்டும், கேஸ் குளிர்ந்திருக்கும்போது இறங்கக் கூடாது. குளிர்ந்த கேஸில் கையால் அழுத்தி இறங்கினால் வளையம் லூஸ். அங்கே வெல்டிங் வீண். அதை லாக்டைட் பசை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் புதிது போடுங்கள். அவ்வளவு பிரித்த பிறகு அவுட்புட் ஷாஃப்ட் சீலை மட்டும் பழையதை வைத்து மிச்சம் பிடிப்பது சரியில்லை. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கசிவு அடைக்கும் அனபாண்ட் பசையைப் பூசும்போது மெல்லிய கோடு போதும். அதிகம் பூசினால் உள்பக்கம் பிதுங்கியது அறுந்து போய் ஆயில் சல்லடையை அடைக்கும்.

உங்கள் பக்கத்தில் பெருங்குடி எஸ்டேட்டிலும், கிண்டி, அம்பத்தூர் பக்கங்களிலும் நல்ல ஆர்கான் வெல்டர்கள் இருக்கிறார்கள். கேட் கம்பி பிடிப்பவரிடம் போகாதீர்கள். ரேடியேட்டர், அலாய் வீல், இன்ஜின் ஹெட் என்று தினமும் அலுமினியம் பார்க்கிற கையாக இருக்கட்டும். பிரிப்பதும் கோப்பதும் உங்கள் மெக்கானிக் செய்யலாம், வெறும் கேஸை மட்டும் வெல்டரிடம் எடுத்துப் போங்கள். செலவில் பெரும்பகுதி இந்தப் பிரிக்கிற, கோக்கிற கூலியில்தான் இருக்கிறது. வெல்டிங் கூலி அதைவிடச் சிறியது. அதனால் வெல்டிங்கில் நூறு இருநூறு குறைக்க அலைய வேண்டாம்.

கீறல் பேரிங் வளையத்துக்குள் போயிருந்தால் என்ன செய்வது? கேஸை மாற்ற வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டு மனசு கிடையாது. பல மாடல்களில் இடது, வலது இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துத்தான் பேரிங் துளைகளைக் கடைகிறார்கள், அதனால் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒரு பாதி இங்கே, ஒரு பாதி அங்கே என்று சேர்த்தால் கிராங்க் நேராக நிற்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால் புதுக் கேஸ் ஜோடி கிடைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது மெக்கானிக் சொன்ன பழைய இன்ஜினில் ஒரு சிக்கல். இன்ஜின் நம்பர் கேஸில்தான் அடித்திருக்கும். அந்த நம்பர் உங்கள் ஆர்சியில் இருக்கிறது, இன்ஷூரன்ஸில் இருக்கிறது. இன்ஜின் மாறினால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவு ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓவில் முறைப்படி சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். புதுப்பேட்டையில் நேர்மையாக வியாபாரம் செய்பவர்கள் எத்தனையோ பேர், நானும் அங்கே நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்ஜினுக்குப் பில் இல்லை, எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற காகிதம் இல்லை என்றால் தொட வேண்டாம். அது ஒருவருடைய தொலைந்துபோன வண்டியாக இருந்தால் வழக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். பழைய நம்பரைப் புதுக் கேஸில் நாங்களே அடித்துத் தருகிறோம் என்று சொல்பவரை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். வெல்டிங்குக்குக் கொடுக்கும்போதும் இன்ஜின் நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஆமாம், அந்த லிங்க் எடுத்ததுதான் இதன் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோம். தகடுகள் நீளவில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்து, நூற்றுச் சொச்சம் இடத்தில் துளித் துளி ஆட்டம் சேர்ந்து நீளமாகிறது. ஒரு லிங்க் எடுப்பது என்றால் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் ஒரு ஜோடி, உங்கள் 428 செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், ஜோடி 25.4. செயின் மொத்தம் ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர். 2 சதவீதம் தேய்ந்தாலே செயினை மாற்ற வேண்டும், அது 30 மில்லிமீட்டர். அட்ஜஸ்டர் கடைசி வரை போய், ஒரு ஜோடி எடுத்தால்தான் இறுகும் என்ற நிலை வந்துவிட்டதென்றால் அந்தச் செயின் அப்போதே தூக்கிப் போட வேண்டிய எல்லையில் நின்றது. சுருக்கியதில் தொங்கல் மறைந்தது, தேய்மானம் அப்படியே இருந்தது. சுருக்கும்போது, முனைகளைக் கிளிப் போட்டு இணைக்கும் செயின் லாக் இரண்டாவதாக ஒன்று சேர்ந்திருக்கலாம். உங்கள் மூன்றாவது படத்தில் அறுந்த முனையில் கிளிப் இல்லை, லாக் தகட்டின் ஒரு துளை நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறது. அங்கேதான் அறுந்திருக்கிறது. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் முன்னால் பார்க்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் ஏதாவது உரசி ஒரு நாள் கழன்றுவிடும். எப்படி மாட்டியிருந்தார்கள் என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது, புதுச் செயினில் நீங்களே குனிந்து பாருங்கள்.

செயினும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரு செட்டாகவே போடுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். இனி தேய்மானம் பார்க்க, 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து டேப் வையுங்கள். புதிதில் 254 மில்லிமீட்டர், 259 வந்தால் செட் மாற்றும் நேரம். தொங்கலை வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வையுங்கள், பல 150 சிசி வண்டிகளுக்கு 25 மில்லிமீட்டர் வாக்கில் வரும். சக்கரத்தைச் சுற்றி எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். சத்தம் வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும் வீணை நரம்பு மாதிரி முறுக்கிவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. இருவர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் செயின் இன்னும் இறுகும், அந்த இழுவை முழுக்க நீங்கள் இப்போது காப்பாற்றப் பார்க்கிற அதே அவுட்புட் பேரிங்கில்தான் போய் விழும்.

500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்துவிட்டு 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். வடித்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது வேண்டாம், அதில் இன்ஜின் தேய்ந்த துகள் இருக்கும். கிரீஸ் பூசினால் மண் ஒட்டி அரைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிப் பக்கம் தேங்கின தண்ணீரில் வண்டியை விட்டால் அன்று ராத்திரியே செயினைத் துடைத்து ஆயில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் துரு ஏறி, கண்ணிகள் மடங்காமல் பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது மடங்காத கண்ணிதான் முதலில் உடைகிற கண்ணி.

இன்ஜின் ஏறியதும் முதல் ஒரு வாரம் பக்கத்துத் தெருக்களிலேயே தனியாக ஓட்டுங்கள், பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். தினம் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டை போட்டு வையுங்கள். ஏழாவது நாளும் அட்டை சுத்தமாக இருந்தால் தாம்பரம் போய்வாருங்கள். ஒரு சொட்டு இருந்தால் அட்டையையும் கேஸையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சாக்பீஸ் பொடியில் கோடு எங்கே போய் நின்றது என்ற படத்தை மட்டும் வெல்டிங்குக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.